அஸ்பாரகஸ் கோளாறுகள்: விதை முதல் நிலைத்த பாத்தி வரை, அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

அஸ்பாரகஸை விதையிலிருந்து வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரு சில இடங்களில்தான் தடுக்கி நிற்கிறார்கள். விதை முளைக்கவில்லை, நாற்று சாய்ந்துவிட்டது, குருத்து மெலிந்தே வருகிறது, தழை மஞ்சளாகிறது. உங்கள் செடியில் தெரிகிற அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும், பணமும் உழைப்பும் கேட்கும் காரணம் கடைசியிலும் இருக்கும். சோதிப்பதையும் அதே வரிசையில் செய்யுங்கள். இடையில் தாவினால் தேவையில்லாத மருந்தில்தான் போய் முடியும்.

கீழே வரும் மூன்று சொற்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மண்ணுக்குள் சதைப்பற்றான வேர்களும் மொட்டுகளும் சேர்ந்திருக்கும் பகுதி தூர். அதிலிருந்து மேலே வரும், நாம் அறுத்துச் சாப்பிடும் இளந்தண்டு குருத்து. அறுக்காமல் விட்ட குருத்து உயர்ந்து, கிளைத்து, ஊசி ஊசியாகப் பச்சை கட்டினால் அது தழை. இந்தப் பருவத்துக் குருத்து, போன பருவத்துத் தழை தூரில் சேர்த்து வைத்த சேமிப்பிலிருந்து எடுக்கும் பணம். அதனால் இன்று கண்ணில் படும் கோளாறுக்குக் காரணம் பல மாதம் முன்பே நடந்து முடிந்திருக்கும். இன்று போடும் உரம் இன்றைய குருத்தைத் தடிக்க வைக்காது.

## விதை முளைக்கவில்லை

விதைத்து எத்தனை நாள் ஆயிற்று? மண்ணின் சூடு என்ன? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். மண் 25 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஏறத்தாழ 10 நாளில் முளை தெரியும். 20 டிகிரியில் 15 நாள் ஆகும். 15 டிகிரிக்கு இறங்கினால் மூன்று வாரத்துக்கு மேல் பிடிக்கும். 10 டிகிரியில் ஏழு வாரத்தையும் தாண்டும். மிகுந்த சூடும் உதவாது. 35 டிகிரியில் முளைப்பு மறுபடி தாமதமாகும். முளைக்கவில்லை என்று கைவிடப்பட்ட நாற்றுத் தட்டுகளில் பெரும்பாலானவை உண்மையில் காத்திருக்க வேண்டிய தட்டுகளே.

அறையின் சூட்டைப் பார்த்துவிட்டு மண்ணும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஈரமான மண் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். வெப்பமானியை விதை கிடக்கும் ஆழத்தில் குத்தி, காலையில் பாருங்கள்.

சூடு சரி, நாளும் கடந்துவிட்டது என்றால் ஒரு விதையை மட்டும் தோண்டியெடுத்து விரலால் அழுத்துங்கள்.

போட்டபடியே இறுகி இருக்கிறது. தண்ணீர் உள்ளே போகவில்லை. அந்தக் கறுப்புத் தோல் கனமானது. மீதி விதைகளை வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து விதையுங்கள். இரண்டு நாளுக்கு மேல் ஊறவிட வேண்டாம். மூச்சு முட்டி அழுகும்.

நசுங்கிக் கூழாகிறது. ஈரம் அதிகம், சூடு குறைவு. இரண்டும் சேர்ந்தால்தான் இப்படி ஆகும். மண்கலவையில் நீர் எளிதாக வடிகிறதா, தட்டின் அடித்துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

உப்பி, வெள்ளை முனை நீட்டியிருக்கிறது. நல்ல செய்தி. அப்படியே மூடிவிட்டு ஒரு வாரம் பொறுங்கள்.

விதை ஆழமாகப் போய்விட்டது. 1 முதல் 2 செ.மீ. ஆழம் போதும். மேலிருந்து வேகமாகத் தண்ணீர் ஊற்றினால் விதை இன்னும் கீழே இறங்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் விதை பழசு. பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி, நெகிழிப் பைக்குள் வைத்து, 25 டிகிரிச் சூட்டில் மூன்று வாரம் வையுங்கள். பாதிக்கும் குறைவாக முளைத்தால் அந்தப் பொட்டலத்தை நம்பாதீர்கள். மூன்றாண்டுக்கு மேல் வைத்திருந்த விதையில் முளைப்பு குறைந்துகொண்டே போகும். இந்தக் கட்டத்தில் நிபுணர் யாரும் தேவையில்லை. புதிய விதை வாங்குவதே மிக மலிவான வைத்தியம்.

## முளைத்தது அஸ்பாரகஸ்தானா என்று சந்தேகம்

விதை மாறி வருவது அபூர்வமல்ல. உண்ணும் அஸ்பாரகஸ் முதலில் மிக மெல்லிய ஒற்றைத் தண்டாக எழும்பும். புல்லுக்கு இருப்பது போன்ற அகன்ற இலை இருக்காது. சில வாரத்தில் மென்மையான ஊசிகள் விரியும். சில மாதம் கழித்துத் தண்டில் முள் கட்டி, கொடியாகப் படரத் தொடங்கினால் அது தண்ணீர்விட்டான் கிழங்கோ அழகுக்கு வளர்க்கும் வேறொரு வகையோதான். இவை எல்லாம் ஒரே பேரினம். அவற்றைப் பிடுங்க வேண்டியதில்லை, ஆனால் அவற்றிலிருந்து உங்களுக்குத் தடித்த குருத்து கிடைக்காது.

## நாற்று சாய்கிறது

மண்ணைத் தொடும் இடத்தில் தண்டைப் பாருங்கள். மற்ற எல்லா முடிவும் அந்த ஒரு இடத்தைப் பொறுத்தது.

அங்கே நீர்கோத்து, நிறம் மாறி, மெலிந்திருந்தால் அது நாற்றழுகல். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. சுற்றியுள்ள ஒரு விரற்கடை மண்ணோடு சேர்த்து எடுத்தெறியுங்கள். மீதிக்குத் தண்ணீரை நிறுத்தி, மேல்மண் வெளிறும்வரை காயவிட்டு, பிறகு தட்டின் அடியிலிருந்து நீர் உறிஞ்சும்படி வையுங்கள். மூடியிருந்தால் திறந்துவிட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். பூஞ்சைக்கொல்லிக்கு இங்கே வேலை இல்லை. ஈரம் குறையாமல் மருந்து மட்டும் ஊற்றினால் அடுத்த வாரம் அடுத்த வரிசை சாயும். மறுமுறை விதைக்கும்போது தட்டைக் கழுவிக் காயவைத்து, புதிய கலவையை நிரப்புங்கள்.

அடி உறுதியாக இருந்து, மேற்பகுதி நீண்டு வளைந்திருந்தால் வெளிச்சம் போதவில்லை. நேர் வெயில் படும் இடத்துக்குப் படிப்படியாக நகர்த்துங்கள். விளக்கின் கீழ் வளர்த்தால் ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும்.

அறுத்துப் போட்டது மாதிரி மண்மட்டத்தில் துண்டாகிக் கிடந்தால் வெட்டுப்புழு. அது இரவில்தான் வேலை செய்யும். இருட்டிய பின் விளக்கோடு போய்ப் பாருங்கள், பகலில் செடியைச் சுற்றி மேல்மண்ணைக் கிளறிப் பாருங்கள்; சுருண்டு படுத்திருக்கும். நாற்றைச் சுற்றிக் கெட்டித்தாளால் ஒரு வளையம் செய்து பாதி மண்ணுக்குள் செருகினால் போதும்.

முதல் தண்டு மட்டும் மஞ்சளாகிக் காய்ந்தால் பக்கத்தில் புதுமுளை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கோளாறே இல்லை. இந்தச் செடி ஒரு தண்டை வளர்த்து, அதைவிடச் சற்றுத் தடித்த இன்னொன்றை எழுப்பி, அப்படியே மேலே மேலே போகும். பழையது ஓய்வது இயல்பு. அது தானாக முழுக்கக் காயும்வரை வெட்டாதீர்கள்.

## நாற்று பிழைத்திருக்கிறது, வளரவில்லை

ஒரு நாற்றை மண்ணோடு மெல்லத் தட்டி வெளியே எடுங்கள். வெள்ளை வேர்கள் தட்டின் குழியைச் சுற்றிச் சுற்றி நெருங்கியிருந்தால் இடம் போதவில்லை. விதைத்து 10 முதல் 12 வாரத்தில் நாற்று நடவுக்கோ பெரிய தொட்டிக்கோ தயாராகிவிடும். அதற்கு மேல் சின்னக் குழியில் வைத்திருந்தால் தூர் தடிக்காது.

வேருக்கு இடம் இருந்தும் வளரவில்லையென்றால் பசி. திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். அஸ்பாரகஸ் உப்பைத் தாங்கும் பயிர் என்று எங்கோ படித்துவிட்டு உரத்தை அள்ளிப் போடாதீர்கள். அந்தத் தாங்கும் திறன் வளர்ந்த செடிக்கு, நாற்றுக்கு இல்லை.

வேர் பழுப்பாகி, தோல் கழன்று வந்தால் மண் ஊறிக் கிடந்திருக்கிறது. மேலே சொன்ன நாற்றழுகல் வைத்தியத்தையே செய்யுங்கள்.

## நட்ட பின் செடி காணாமல் போய்விட்டது

இதைக் கேட்டுத்தான் பலர் கலங்கிப் போகிறார்கள். தழை காய்ந்துவிட்டது, மண் வெறுமையாக இருக்கிறது, செத்துவிட்டது என்று பாத்தியையே கொத்திவிடுகிறார்கள். கடுங்குளிரிலும் நீண்ட வறட்சியிலும் அஸ்பாரகஸ் மேற்பாகத்தைக் காயவிட்டுத் தூரில் உறங்கும். கொத்துவதற்கு முன் இதைச் செய்யுங்கள்: செடி இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, கையால் மண்ணைச் சரித்து, ஒரே ஒரு வேரைத் தொடுங்கள். சதைப்பற்றாக, வெளிறிய நிறத்தில், அழுத்தினால் எதிர்த்து நின்றால் உயிர் இருக்கிறது. மூடிவிட்டுக் காத்திருங்கள். உள்ளே ஒன்றுமில்லாமல் வெறும் தோலாகத் தட்டையானால் செத்தது.

செத்திருந்தால் ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் அதே இடத்தில் மறுபடி நடாதீர்கள்.

ஒரேயடியாக மூடினீர்களா? நாற்றை சுமார் 10 செ.மீ. ஆழப் பள்ளத்திலும், ஓராண்டுத் தூரை 15 முதல் 20 செ.மீ. ஆழப் பள்ளத்திலும் வைப்போம். ஆனால் முதல் நாள் சில செ.மீ. மண்தான் போட வேண்டும். தண்டு உயர உயரப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். பச்சைத் தண்டு முழுக்க மண்ணுக்குள் போனால் நாற்று தாங்காது.

களை மூடியதா? முதல் இரண்டாண்டு அஸ்பாரகஸுக்கு நிழல் தரும் தழையும் இல்லை, போட்டியைத் தாங்கும் வேரும் இல்லை. புல் ஒரு பருவம் ஓங்கினால் போதும், நாற்று தோற்றுவிடும். கையால் பிடுங்குங்கள், மண்வெட்டி ஆழமாகப் போனால் தூரின் மொட்டு அறுபடும். களைக்காகப் பாத்தியில் உப்புத் தூவும் பழைய பழக்கம் ஒன்று இருக்கிறது. களை குறைவது உண்மை. மண்ணின் கட்டுமானம் கெட்டு நீர் இறங்காமல் போவதும் உண்மை. வேண்டாம்.

நீர் தேங்கியதா? 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி தோண்டி நீர் நிரப்பி வடியவிடுங்கள். உடனே இரண்டாம் முறை நிரப்புங்கள். அரை நாள் கழித்தும் நீர் நின்றால் அந்த இடம் இந்தப் பயிருக்கு ஆகாது. 25 முதல் 30 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி போடுங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள். ஒரு பாத்தி நன்றாக அமைந்தால் 15 ஆண்டுக்கு மேல் நிற்கும். இந்தக் குழிக்கு ஒரு மாலை செலவிடுவது நஷ்டமில்லை. நிலம் முழுவதுமே நீர் பிடித்து நிற்கிறது, வடிகால் குழாய் பதிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் நிலவடிகால் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## குருத்து மெலிந்தே வருகிறது

எல்லாக் கேள்விகளிலும் அதிகம் வருவது இதுதான். தவறான பதில் அதிகம் கிடைப்பதும் இதற்குத்தான். உரம் போடு என்பார்கள். அதற்கு முன் செடியின் வயதைக் கேளுங்கள்.

விதைத்து மூன்றாண்டு ஆகவில்லை. மெலிந்துதான் வரும். விதைத்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஒரு குருத்தைக்கூட அறுக்கக் கூடாது. மூன்றாம் ஆண்டில் தடித்தவற்றை மட்டும் இரண்டு வாரம் அறுக்கலாம். நான்காம் ஆண்டில் நான்கு வாரம். அதன்பின் ஆறிலிருந்து எட்டு வாரம். கடையில் வாங்கிய தூரை நட்டவர் உங்களைவிட ஓராண்டு முன்னே போகிறார், அவ்வளவுதான்.

வயது போதும், போன ஆண்டுவரை தடித்து வந்தது. போன ஆண்டு அறுவடையை எப்போது நிறுத்தினீர்கள்? வரும் குருத்துகளில் பெரும்பான்மை பென்சிலைவிட மெலிந்த அன்றே கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். நாள்காட்டி எத்தனை வாரம் மிச்சம் என்று காட்டினாலும் பரவாயில்லை. அதைத் தாண்டி அறுத்திருந்தால் இந்த ஆண்டு அறுவடையை அடியோடு விட்டுவிடுங்கள். முழுப் பருவமும் தழையாக நின்றால் பெரும்பாலும் அடுத்த ஆண்டு தேறிவிடும். ஒரு ஆண்டு விட மனம் வராமல் ‘கொஞ்சமாக’ அறுப்பவர்களின் பாத்திதான் மூன்றாண்டு இழுத்துக்கொண்டே போகும்.

அறுவடையை நேரத்தில் நிறுத்தினேன். அப்படியானால் தழையை எப்போது வெட்டினீர்கள்? பச்சையாகவோ பாதி மஞ்சளாகவோ இருக்கும்போது அழகுக்காக வெட்டியிருந்தால், தூருக்குப் போக வேண்டிய உணவை வெட்டியெறிந்துவிட்டீர்கள். தழை முழுக்கப் பழுப்பாகிக் காய்ந்த பின்தான் வெட்ட வேண்டும். அறுவடை முடிந்த பின் தழை நிற்கும் மாதங்களில் தண்ணீர் விட்டீர்களா என்பதும் இதே கேள்விதான். அறுவடை முடிந்ததும் பாத்தியை மறந்துவிடுவது எல்லோருக்கும் வழக்கம். வாரம் ஏறத்தாழ 25 மி.மீ. மழைக்குச் சமமான நீர் அப்போதுதான் மிக அவசியம்.

ஒரு சில செடி மட்டும் மெலிந்த குருத்தை நிறையக் கொடுக்கிறது. அஸ்பாரகஸில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. பெண் செடி எண்ணிக்கையில் குறைவாகவும் சற்றுத் தடித்தும் குருத்து விடும். ஆண் செடி நிறைய விடும், சற்று மெலிந்திருக்கும். மொத்த எடையில் ஆண் செடியே முந்தும். எனவே அதைக் கோளாறு என்று பிடுங்கிவிடாதீர்கள்.

செடிகள் நெருக்கமாக இருக்கின்றன. செடிக்குச் செடி 30 முதல் 45 செ.மீ., வரிசைக்கு வரிசை 120 செ.மீ. குறையாமல் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் சரியாக நட்டிருந்தாலும் உதிர்ந்த பழத்திலிருந்து முளைத்த நாற்றுகள் இடையில் புகுந்திருக்கும். அவற்றைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்குங்கள்.

குளிரே இல்லாத இடம். செடி ஓயாமல் குருத்து விட்டுக்கொண்டே இருக்கும். அறுத்துக்கொண்டே இருந்தால் தூர் வற்றிப்போகும். இங்கே வாரக் கணக்கு பொருந்தாது. தாய்வான் விவசாயிகள் பின்பற்றும் தாய்த்தண்டு முறைதான் சரி: ஒவ்வொரு செடியிலும் மூன்று முதல் ஐந்து தண்டை அறுக்காமல் தழையாக நிற்கவிட்டு, பிறகு எழும் குருத்துகளை மட்டும் அறுப்பது. தாய்த்தண்டு மூப்படைந்து மஞ்சளாகும்போது அறுவடையை நிறுத்தி, புதிய தண்டுகளை வளரவிட்டு, பழையதை நீக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பின்னும் விடை கிடைக்கவில்லையென்றால் மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்புங்கள். பாத்தியின் பல இடங்களில், 15 முதல் 20 செ.மீ. ஆழத்திலிருந்து எடுத்து ஒன்றாகக் கலந்த மண் போதும். முதலில் பார்க்க வேண்டியது மண்ணின் பிஎச் அளவு, அதாவது மண் அமிலமா காரமா என்பதைக் காட்டும் எண். 6.5-க்கும் 7.5-க்கும் இடையில் இருந்தால் நல்லது. 6-க்குக் கீழே அஸ்பாரகஸ் திணறும், தூரழுகல் பூஞ்சையும் ஓங்கும். சுண்ணாம்பு எவ்வளவு என்பதை அறிக்கையே சொல்லட்டும். கைக்கணக்கில் போட்டால் மறுபக்கம் தாண்டிவிடும்.

## குருத்து வளைந்து வருகிறது

வளைவின் உட்புறத்தைப் பாருங்கள். காயம் பட்ட பக்கத்தில் வளர்ச்சி மந்தமாகும். மறுபக்கம் வளர்ந்துகொண்டே போவதால் குருத்து காயத்தின் பக்கம் வளையும். காயம் கண்டுபிடிக்கப்பட்டால் வேலை முடிந்தது. மேலோட்டமான சின்னச் சின்னக் கீறல் என்றால் காற்று அடித்த மணல்; காற்று வரும் பக்கம் தடுப்பு வையுங்கள். குழிந்து கடித்த தடம் என்றால் வண்டு அல்லது வெட்டுப்புழு. பளபளக்கும் சளித்தடம் இருந்தால் நத்தை. காயமே இல்லாமல் வளைந்திருந்தால் மேல்மண் இறுகிப் பொருக்குத் தட்டியிருக்கும், அல்லது வழியில் கல் இருக்கும். வளைந்த குருத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

பாத்தி முழுக்கக் குருத்துகள் முறுக்கிக்கொண்டு வந்தால் அது வேறு கதை. அண்டை நிலத்தில் 2,4-டி போன்ற களைக்கொல்லி அடித்தார்களா, நீங்களே கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடித்த இடத்தில் பச்சைத் தண்டு ஏதும் நனைந்ததா என்று விசாரியுங்கள். அப்படி என்றால் அந்தக் குருத்துகளை உண்ணாமல் விடுங்கள். செடி எவ்வளவு பாதித்தது, மீளுமா என்பதை வேளாண் அலுவலரிடம் நேரில் காட்டிக் கேளுங்கள். இதில் வீட்டு வைத்தியம் இல்லை.

## நுனி சீக்கிரம் விரிகிறது, நார் கட்டுகிறது

வெயில் 32 டிகிரியைத் தொட்டால் குருத்து குட்டையாக இருக்கும்போதே நுனி அவிழும். செடியில் குறையில்லை. அறுக்கும் உயரத்தைக் குறைத்து, காலை ஒரு முறை, மாலை ஒரு முறை அறுங்கள். மிதமான நாட்களில் 15 முதல் 20 செ.மீ. உயரமே அளவு. சூடு இல்லாதபோதும் இப்படி நடந்தால் மண் ஈரத்தைச் சோதியுங்கள்.

நார் பெரும்பாலும் அறுத்த பிறகு கட்டுவது. அறுத்த குருத்து வெப்பத்தில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அடிப்பகுதி முற்றிக்கொண்டே வரும். அறுத்த உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தி எடுத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். தடித்த குருத்துதான் முற்றல் என்ற எண்ணமும் தவறு. சதையோடு ஒப்பிட்டால் மெலிந்ததில்தான் நார் பங்கு அதிகம்.

## தழை மஞ்சளாகிறது

பருவக் கடைசியில், பாத்தி முழுக்க, ஒரே சீராக. உறக்கத்துக்குப் போகிறது. தொடாதீர்கள்.

பருவ நடுவில், பாத்தி முழுக்க வெளிறுகிறது. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர், சொதசொதவென்றிருந்தால் வடிகால், இரண்டும் இல்லையென்றால் தழைச்சத்து (நைட்ரஜன்). நன்கு மட்கிய தொழு உரத்தை 5 செ.மீ. தடிமனில் பரப்பி நீர் விடுங்கள்.

புள்ளிகளோடு மஞ்சள். வெள்ளைத் துணியால் தண்டைத் தடவிப் பாருங்கள். செம்மஞ்சள் தூள் ஒட்டினால் துரு நோய். பருவக் கடைசியில் அதே கொப்புளங்கள் கறுப்பாகும். தூள் இல்லாமல், பழுப்பு நடுவும் ஊதா விளிம்புமாகப் புள்ளிகள் இருந்தால் ஊதாப்புள்ளி நோய். குருத்திலும் சிறிய குழிந்த ஊதாப் புள்ளியாகத் தெரியும். சூடும் புழுக்கமும் சேர்ந்த நாட்களில் அடித்தழையில் சாம்பல் நடுவோடு செந்நிற விளிம்பு கட்டிப் பரவினால் செர்க்கோஸ்போரா கருகல்.

மூன்றுக்கும் முதல் வேலை ஒன்றே. தழை நனையாமல் வேருக்கு மட்டும் நீர் விடுங்கள், காற்று புகும்படி களையை எடுங்கள், பருவம் முடிந்ததும் காய்ந்த தழையை அடியோடு வெட்டிப் பாத்தியை விட்டு வெளியேற்றுங்கள். துரு நோய்ப் பூஞ்சை தன் வாழ்க்கைச் சுற்று முழுவதையும் அஸ்பாரகஸிலேயே முடித்துக்கொள்கிறது, வேறு செடி அதற்குத் தேவையில்லை. அதனால் பழைய தழையை அகற்றுவது வெறும் சுத்தத்துக்காக அல்ல, நோயின் வீட்டையே அகற்றுவது. பருவ நடுவிலேயே பாதித் தழை உதிர்ந்துவிட்டால் பூஞ்சைக்கொல்லி தேவைப்படலாம். உண்ணும் பயிர் என்பதால் எந்த மருந்து, எந்த இடைவெளி என்பதைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டே அடியுங்கள்.

ஒரு செடியில் ஒரே ஒரு தண்டு மட்டும் மஞ்சளாகி வாடுகிறது, மற்றவை பச்சை. இதைத்தான் அலட்சியம் செய்யக் கூடாது. அந்தத் தண்டின் அடியைத் தோண்டி, நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே செம்பழுப்புக் கோடோ கறையோ தெரிந்தால், வேர்கள் உள்ளீடற்றுப் போயிருந்தால், ஃபியூசேரியம் தூரழுகல் என்றே கருதுங்கள். குணப்படுத்தும் மருந்து இல்லை. அந்தத் தூரை வேரோடும் சுற்றிய மண்ணோடும் அகற்றுங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள், கருவிகளைக் கழுவுங்கள். அகற்றும் முன் ஒரு துண்டைத் தாவர நோய் ஆய்வகத்துக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். மழைக்காலத்தில் நீர் தேங்கி, குருத்துகள் மண்மட்டத்தில் கூழாகிச் சரிந்திருந்தால் அது ஃபைட்டோப்தோரா அழுகலாக இருக்கலாம். வெளியிலிருந்து இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. ஆய்வக முடிவுக்கு ஆகும் செலவு, மீதிப் பாத்தியை வைப்பதா எடுப்பதா என்ற முடிவுக்காக.

## தழை காற்றில் விழுகிறது

நன்கு வளர்ந்த தழை 120 முதல் 180 செ.மீ. போகும். வரிசையின் இருமுனையில் கம்பு நட்டு, இருபுறமும் கயிறு இழுத்துக் கட்டினால் தீர்ந்தது. ஆண்டுதோறும் விழுந்தால் தூர் மேலேறி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வயதாக ஆக அது மண்மட்டத்தை நோக்கி உயரும். ஒவ்வொரு பருவமும் சில செ.மீ. மட்கு உரத்தை மேலே போடுங்கள்.

## தழையை ஏதோ மொட்டையடிக்கிறது

குருத்தில் சின்னக் கருமையான முட்டைகள் செங்குத்தாக ஒட்டி நிற்கின்றனவா? அஸ்பாரகஸ் வண்டு. கறுப்பு முதுகில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் உள்ள வகையின் புழு சாம்பல் நிறம், தலை கறுப்பு. தழையை மொட்டையடிப்பது அதுதான். செம்மஞ்சள் உடலில் 12 கறுப்புப் புள்ளி உள்ள இன்னொரு வகையின் புழு பெரும்பாலும் பழத்துக்குள் வளர்வதால் சேதம் குறைவு. அதைப் பொறிவண்டு என்று நினைத்து விட்டுவிடுபவர்களும் உண்டு, பொறிவண்டைப் பிடித்துக் கொல்பவர்களும் உண்டு. நீண்ட உடல் என்றால் அஸ்பாரகஸ் வண்டு, அரைக்கோள உடல் என்றால் பொறிவண்டு.

காலைக் குளிரில் வண்டு மந்தமாக இருக்கும். சோப்பு நீர் வாளியைக் கீழே பிடித்துத் தட்டுங்கள். முட்டையை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அறுவடைக் காலத்தில் எல்லாக் குருத்தையும் சரியாக அறுத்தாலே முட்டை பொரிக்க இடமில்லாமல் போகும். உறக்கக் காலத்தில் காய்ந்த தண்டை அகற்றினால் வண்டு ஒதுங்கும் இடமும் போகும். சில செடிகளில் தழை போவதற்காக மருந்து தேவையில்லை. இளம் பாத்தி முழுக்க மொட்டையாகும் நிலை வந்தால்தான் அலுவலரிடம் போங்கள்.

## பாத்தி ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே போகிறது

இந்த அறிகுறிக்கு மேலே உள்ள எல்லாவற்றையும் ஒரு முறை சரிபார்த்துவிட்டு வாருங்கள்: அறுவடைக் காலம், தழை வெட்டிய காலம், நீர், களை, பிஎச் அளவு. ஒரு பருவம் முழுக்க அறுக்காமல் ஓய்வு கொடுங்கள். அடுத்த பருவத்தில் குருத்து சற்றாவது தடித்தால் பாத்தி வாழும்; அந்த ஆண்டும் பாதிக் காலமே அறுங்கள்.

ஓய்வுக்குப் பின்னும் சிறுத்தால், இடையிடையே செடி காணாமல் போய் வெற்றிடம் கூடினால், இரண்டு மூன்று தூரைத் தோண்டிப் பிளந்து பாருங்கள். செம்பழுப்பு இருந்தால் விடைபெற வேண்டியதுதான். வெற்றிடத்தில் புது நாற்றைச் செருகிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஃபியூசேரியம் மண்ணில் பல ஆண்டு தங்கும். அழுகும் பழைய அஸ்பாரகஸ் வேர்களே புதிய நாற்றின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருட்களையும் மண்ணில் விடுகின்றன. செருகிய நாற்று இரண்டாண்டு நொண்டிவிட்டுச் சாகும்.

பழைய பாத்தி ஓரளவு விளைச்சல் தரும்வரை இருக்கட்டும். அதற்குள் நோய் இல்லாத, நீர் வடியும், இதுவரை அஸ்பாரகஸ் நிற்காத ஓர் இடத்தில் புதிய விதையைத் தொடங்குங்கள். பழைய தூரைப் பிரித்து அங்கே கொண்டுபோக வேண்டாம், அந்த மண் ஒட்டிய மண்வெட்டியும் கழுவாமல் போகக் கூடாது. புதிய பாத்தி மூன்றாம் ஆண்டில் முதல் குருத்தைத் தரும்போது பழையதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெங்காயக் குடும்பமும் அஸ்பாரகஸும் தவிர்த்த வேறு காய்கறி போடுங்கள்.